சாப்பாட்டுக்கு அப்புறம் யஷ்வந்த்

கோயமுத்தூரில் வலைப்பதிவர் சந்திப்பு நடத்தத் தைரியம் வேண்டும். அதே சந்திப்பில் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு நிகழ்ச்சி வைக்க அதைவிடப் பெரிய தைரியம் வேண்டும். காலையில் எல்லாரும் ஒழுங்காகத்தான் வருவார்கள். ஒருவருக்கொருவர் துண்டு போர்த்திக்கொள்வார்கள். "உங்க பதிவு ஒண்ணு விடாமப் படிக்கறேனுங்க" என்று கூசாமல் பொய் சொல்வார்கள். கூட்டமாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் சாப்பாடு. கை கழுவப் போனவர்கள் அப்படியே செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போயே போய்விடுவார்கள். மதியம் பேசுகிறவருக்கு முன்னால் காலி நாற்காலிகளும் மைக் செட்காரரும்தான் மிச்சம். அந்த மைக் செட்காரரும் பாதி நேரம் தூங்கிக்கொண்டிருப்பார்.

நாலு வருஷமாக இந்தச் சந்திப்பை நடத்திவரும் சாய்ப்ரியாவுக்கு இது தெரியாத விஷயமா? நன்றாகவே தெரியும். தெரிந்தும், இந்த வருஷம் அந்தப் பாழாய்ப்போன மதிய நேரத்தைத் தன் சொந்தப் புருஷன் யஷ்வந்துக்குக் கொடுத்திருந்தாள். காலை நேரத்தையெல்லாம் பெரியவர்கள் பங்கு போட்டுக்கொண்டாகிவிட்டது. அவர்களில் யாரிடமும் போய் "உங்களுக்கு இடமில்லைங்க" என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. வீட்டு ஆளிடம் மட்டும்தான் அதைச் சொல்ல முடிந்தது.

யஷ்வந்த் சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவன். குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் ஓர் ஆப் செய்யப்போகிறேன் என்று ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அந்த வேலையை விட்டான். ஆப்புக்கு 'எண்ணுங்க கண்ணு' என்று பேர் வைத்தான். குழந்தைகள் மனசு நோகக் கூடாது என்பது அவன் கொள்கை. மற்ற ஆப்புகளில் தப்பான விடையைத் தொட்டால் சிவப்பாக ஒரு குறி வந்து விழும், கூடவே காது கூசுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். இவனுடையதில் அதெல்லாம் கிடையாது. தப்பாகப் போட்டால் இவன் குரலே வந்து மன்னிப்புக் கேட்கும். இப்போது பழைய கம்பெனி அவனைத் திரும்பக் கூப்பிடுகிறது. திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும்.

"ஞாயித்துக்கெழம நம்ம பதிவருங்க பாக்கட்டும் அம்மணி" என்று அவளிடம் சொல்லியிருந்தான். "நல்லாருக்குதா இல்லையான்னு நேரா ஒரு வார்த்த சொன்னாப் போதும். நல்லா இல்லைன்னா மூட்டையக் கட்டிப்போட்டு வேலைக்குப் போறேன். இந்த ரெண்டுங்கெட்டான் பொழப்பு வேண்டாம்."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஊரிலேயே தகுதியான ஆள் சாய்ப்ரியாதான். 'பலகை' என்று ஒரு வலைப்பூ வைத்திருக்கிறாள். குழந்தைகளுக்கான கல்வி ஆப்புகளை வாரத்துக்கு ஒன்றாக எடுத்துத் தோலை உரிப்பாள். பெங்களூரில் இருக்கிற கம்பெனிகள்கூட அவள் பதிவைப் படித்துவிட்டு ஆப்பைத் திருத்தியிருக்கின்றன. எழுத்தில் அவ்வளவு காரம். ஆளை நேரில் பார்த்துவிட்டால் மட்டும் அந்த வாயில் 'நல்லாருக்குங்க' தவிர வேறெதுவும் வராது. இது அவள் ஒருத்தியின் குற்றமில்லை, இந்த ஊர்த் தண்ணீரின் குணம்.

யஷ்வந்த் ஆப்பைக் காட்டியபோதும் அவள் 'நல்லாருக்குங்க' என்றுதான் சொன்னாள். அவன் பக்கத்து வீட்டுக் குழந்தைகளைக் கூப்பிட்டுக் கொடுத்துப் பார்த்தான். அதுகளும் நல்லபடியாக வளர்ந்த குழந்தைகள். 'நல்லாருக்குங்க மாமா' என்று சொல்லி, முறுக்கைத் தின்றுவிட்டுப் போய்விட்டன.

உண்மை என்னவென்றால், சாய்ப்ரியாவுக்கு அது போரடித்தது. சரியான விடையைத் தொட்டால் 'டிங்' என்று ஒரு மணி, அப்புறம் அடுத்த கேள்வி. மறுபடியும் டிங், மறுபடியும் கேள்வி. படிக்கிற காலத்தில் கணக்கில் ஒரு மார்க்கைக்கூட விட்டவளல்ல அவள். எல்லாவற்றையும் சரியாகவே போட்டாள், எல்லாவற்றுக்கும் டிங்கே கிடைத்தது, கொட்டாவி வந்தது. வீட்டுக்குள் புருஷனும் பெண்டாட்டியும் தெலுங்கில் சண்டை போடுவார்கள், வெளியே வந்தால் தமிழில் மரியாதையாக இருப்பார்கள். எந்த மொழியிலும் இந்த ஒன்றை மட்டும் அவள் அவனிடம் சொன்னதில்லை.

"நீயே சொல்லித் தொலைச்சிரேன்டி" என்றாள் சாஜிதா பேகம். கோட்டைமேட்டுக்காரி, சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவள், கல்லூரியிலிருந்தே சாய்ப்ரியாவின் கூட்டாளி. சந்திப்புக்குப் பிரியாணி அவள் பொறுப்பு. "ஒரே ஒரு வார்த்ததான?"

"மனசு நொந்துபோயிருவாருடி."

"அப்ப யாரு சொல்லுவாங்க? லட்சுமணசாமி சாரா?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. லட்சுமணசாமி ஒரு பஞ்சாலையில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், பதிவர்களில் மூத்தவர். எதைக் காட்டினாலும் "அற்புதமுங்க" என்பார். ஒருமுறை மண்டபத்தில் கரண்ட் போனதற்கும் அற்புதமுங்க என்றிருக்கிறார்.

இந்த லட்சணத்தில் அழைப்பிதழில் வேறு ஒரு கூத்து நடந்துவிட்டது. சித்தப்பா மகள் மானசாவின் கல்யாண அழைப்பு வாட்ஸ்அப்பில் பார்க்க அழகாக இருந்தது. சாய்ப்ரியா அதையே எடுத்து, மணமக்கள் பேர் இருந்த இடத்தில் 'பதிவர் சந்திப்பு' என்று போட்டு, தேதியையும் மண்டபத்தையும் மாற்றி எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். கடைசி வரியை மட்டும் கவனிக்கவில்லை. 'தாங்கள் தங்கள் குடும்பத்துடனும் சுற்றத்துடனும் வந்திருந்து, விருந்துண்டு, வாழ்த்தியருள வேண்டுகிறோம்' என்று அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.

அனுப்பிய அன்றைக்கே பல்லடத்திலிருந்து போன் வந்தது. கோழிப்பண்ணை வைத்துக்கொண்டு கோழி வளர்ப்பைப் பற்றியே எழுதுகிற பதிவர்.

"ஏனுங்க, குடும்பத்தோட வரச் சொல்லியிருக்கறீங்களே, நெசந்தானுங்களா?"

அந்த நேரத்திலாவது "இல்லைங்க, தெரியாமப் போட்டுட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். வேறு ஊர்க்காரியாக இருந்தால் சொல்லியிருப்பாள். இவளுக்கோ வாய் தன்னால் திறந்துகொண்டது. "பொறகென்னங்க? குடும்பத்த உட்டுப்போட்டா வருவீங்க? எல்லாருத்தையும் கூட்டிக்கிட்டு வரோணுமுங்க!"

அந்தியூரிலிருந்து ஒருவர் கேட்டார். அவருக்கும் அதே பதில், கூடவே "மச்சினன் ஊட்டுக்காரங்களையும் கூட்டிட்டு வாங்க" என்று ஓர் உபசாரம். வால்பாறையிலிருந்து ஆல்வின் கேட்டான். தேயிலைத் தோட்டத்துப் படங்களாகப் போடுகிற பதிவர் அவன். வருஷா வருஷம் கடைசி வாய்ச் சோற்றோடு "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க, கொண்டை ஊசி வளைவெல்லாம் இருட்டறதுக்குள்ள ஏறோணும்" என்று முதல் ஆளாக ஓடுகிறவனும் அவன்தான். "பசங்க ரொம்பச் சத்தம் போடுவாங்களேங்க" என்று தயங்கினான். "போடட்டுமுங்க, சத்தமில்லாட்டி அது என்ன விசேசம்?" என்றாள் சாய்ப்ரியா. போனை வைத்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்காநல்லூர் கல்யாண மண்டப வாசலில் வேன்கள் வந்து நின்றன. வேன் கதவு திறக்கத் திறக்கக் குழந்தைகள் இறங்கிக்கொண்டே இருந்தன. பட்டுப் பாவாடை, பூ, புது ஷூ. அந்தியூர்க்காரர் மச்சினன் குடும்பத்தோடு மச்சினனின் மச்சினன் குடும்பத்தையும் கூட்டி வந்திருந்தார். லட்சுமணசாமி பட்டு வேட்டியில் மனைவி ராமாமணியோடு வந்து, பளபளப்புத் தாளில் சுற்றிய ஒரு சுவர்க் கடிகாரத்தைச் சாய்ப்ரியாவின் கையில் கொடுத்தார். "வெறுங்கையோட வரலாமுங்களா?" என்றார். அவள் "எதுக்குங்க இதெல்லாம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். வேறென்ன செய்ய முடியும்?

காலை நிகழ்ச்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதே நல்லது. 'பதிவர் சந்திப்புகளை மேலும் பயனுள்ளதாக்குவது எப்படி' என்று லட்சுமணசாமி பேசினார். அவர் பேசின ஒரு மணி நேரத்தைப் போலப் பயனில்லாத ஒரு மணி நேரத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மணமக்கள் உட்காரும் சிவப்பு சோபாவில் நாலைந்து குழந்தைகள் குதித்துக்கொண்டிருந்தன. ஒன்று மைக் வயரைப் பிடித்து இழுத்தது. மைக் பாட்டுக்கு அந்தப் பக்கம் போக, அவரும் பேச்சை நிறுத்தாமல் அதன் பின்னாலேயே போனார். பேசி முடித்ததும் எல்லாரும் "அற்புதமுங்க" என்றார்கள். யஷ்வந்த் கடைசி வரிசையில் தன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து சாய்ப்ரியா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது சமையல் பக்கத்திலிருந்து சாஜிதா வேகமாக வந்து அவள் காதில் சொன்னாள்.

"அடியே, இத்தன பேருக்கு நான் ஆக்கலடி. முதப் பந்தி குழந்தைங்களுக்கு மட்டும் போட்டர்றேன். பெரியவங்க கொஞ்சம் பொறுக்கட்டும், இன்னொரு அண்டா ஏத்திட்டேன்."

கொங்கு நாட்டு விருந்தில் குழந்தைகளுக்கு முதலில் இலை போடுவது வழக்கம்தான், யாரும் தப்பாக நினைக்கவில்லை. குழந்தைகள் தின்றன, இறைத்தன, எழுந்து ஓடின. அப்புறம் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். சாய்ப்ரியா தயிர்ப்பச்சடி வாளியோடு பந்தியில் நடந்தாள். ஒவ்வொருவர் இலைக்கும் பரிமாறும்போது, இவர் எத்தனை நிமிஷத்தில் செருப்பைத் தேடுவார் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஆல்வின் பரக்கப் பரக்கச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் யஷ்வந்த் காலி மண்டபத்தில் தனியாக நின்று பேசப்போகிறான். நாளைக்குக் கம்பெனிக்குப் போன் செய்து வருகிறேன் என்று சொல்லிவிடுவான்.

அந்த நேரத்தில்தான் மண்டபத்து ஒலிபெருக்கியில் யஷ்வந்தின் குரல் கேட்டது.

"பரவால்லைங்க கண்ணு. இன்னொருக்கா பாக்கலாமுங்களா?"

பாவம், ஆரம்பித்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டது.

"தப்பு உங்க மேல இல்லீங்க. கேள்விய நாந்தான் சரியாக் கேக்கல."

அடுத்து ஒரு பெரிய கூச்சல். குழந்தைகள் கத்துகின்றன. மனுஷனை ஓட ஓட விரட்டுகின்றனவா? மன்னிப்புக் கேட்க வைக்கிற அளவுக்கு என்ன நடந்தது? பச்சடி வாளியை வைக்கக்கூடத் தோன்றாமல் அதோடு மண்டபத்துக்குள் ஓடினாள்.

உள்ளே யஷ்வந்த் வாயை மூடிக்கொண்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் குரல் மட்டும் சுவரெல்லாம் அதிரப் பேசிக்கொண்டிருந்தது. நாதஸ்வரத்துக்காகத் தெருக் கோடி வரைக்கும் கேட்கும்படி வைத்திருந்த ஒலிபெருக்கியில் அவன் டேப்லெட்டைச் செருகியிருந்தான். திரையில் பெரிதாக ஒரு கணக்கு, கீழே நாலு விடை. டேப்லெட்டுக்கு முன்னால் பல்லடத்துக்காரரின் மகள் ஹரிதா, மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண், சிவப்பு சோபாவில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி மற்ற குழந்தைகள் மொய்த்துக்கொண்டு நின்றன.

ஹரிதா தப்பான விடையை அழுத்தினாள்.

"வெயிலு வேற சாஸ்தியா இருக்குதுங்க" என்றது யஷ்வந்தின் குரல். "இந்த வெயில்ல யாருக்குத்தான் கணக்கு வரும்?"

குழந்தைகள் ஓவென்று சிரித்தன. அடுத்த தப்பு.

"சித்த மோரு குடிச்சுப்போட்டு வாங்க கண்ணு. நான் இங்கயேதான் இருப்பேன்."

ஒரு பொடியன் தரையில் விழுந்து புரண்டு சிரித்தான். அடுத்த தப்பு.

"எனக்கே இந்தக் கணக்கு நாலாப்புல வரலைங்க. வாத்தியாரு முட்டி போட வெச்சாரு. இதப் போயி எங்கப்பாருகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

சாய்ப்ரியா வாளியோடு அப்படியே நின்றாள். இதில் ஒன்றைக்கூட அவள் கேட்டதில்லை. எப்படிக் கேட்டிருப்பாள்? அவள்தான் தப்பே போடாதவளாயிற்றே.

அப்போது பாவாடை கட்டின ஒரு சின்னப் பெண் கை நீட்டி எதையோ தொட்டுவிட்டாள். 'டிங்' என்றது. மண்டபமே "ஐயோ!" என்று அலறியது.

"சரியாப் போட்டுட்டா! சரியாப் போட்டுட்டா!" என்று எல்லாரும் அவளைத் திட்டினார்கள்.

விஷயம் இதுதான். தொடர்ந்து தப்பாகப் போட்டுக்கொண்டே போனால் யஷ்வந்த் மேலும் மேலும் பணிவாகப் பேசுவான். நடுவில் ஒரு விடை சரியாகிவிட்டால் எல்லாம் போயிற்று, மறுபடியும் 'பரவால்லைங்க'விலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "மொத்தம் எத்தன இருக்குதுங்க மாமா?" என்று ஹரிதா கேட்டதற்கு, யஷ்வந்த் வெள்ளந்தியாக, "நெறைய இருக்குதுங்க கண்ணு, கடைசி வரைக்கும் இதுவரைக்கும் யாருமே போனதில்ல" என்று சொல்லித் தொலைத்திருந்தான். அப்புறம் கேட்க வேண்டுமா?

குழந்தைகள் இப்போது உஷாராகிவிட்டன. குருட்டாம்போக்கில் தொடக் கூடாது, தெரியாத்தனமாகச் சரியாகிவிடும். எது சரி என்று முதலில் கண்டுபிடித்து, அதை ஜாக்கிரதையாக ஒதுக்கிவிட்டு, அப்புறம்தான் அழுத்த வேண்டும். எட்டு பெட்டி, பெட்டிக்குப் பன்னிரண்டு முட்டை என்று ஒரு கணக்கு வந்தது. ஆல்வினின் மகன் விரல் விட்டான், ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு வாய்ப்பாடு முணுமுணுத்தாள், அந்தியூர்க் குழந்தைகள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டன.

"தொண்ணூத்தாறு! தொண்ணூத்தாறத் தொட்டுறாத!"

"நெசமாத்தான? நல்லாப் போட்டுப் பாத்தியா?"

"ரெண்டு தடவ போட்டுட்டேன். தொண்ணூத்தாறுதான் சரி. அத உட்டுப்போட்டு வேற எதை வேணா அமுத்து!"

எத்தனையோ கல்வி ஆப்புகளைக் கிழித்து எழுதினவள் சாய்ப்ரியா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வயிறு நிறையப் பிரியாணி தின்ற குழந்தைகள் ஒரே கணக்கை இரண்டு தடவை போட்டுச் சரிபார்த்து அவள் பார்த்ததே இல்லை. அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கையிலிருந்த வாளி ஆடிப் பச்சடி புடவையில் கொட்டியது. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

பெரியவர்கள் பீடாவை மென்றுகொண்டு, கையில் வண்டிச் சாவியோடு, குழந்தைகளை இழுத்துக்கொண்டு கிளம்ப வந்தார்கள். ஒரு குழந்தையும் அசையவில்லை. "இதொண்ணுங்கப்பா", "இன்னொண்ணே ஒண்ணுங்கம்மா" என்று கெஞ்சின. பெற்றவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் அந்தக் குரலைக் கேட்டுச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். லட்சுமணசாமி முன் வரிசைக்கே வந்து, "அம்பத்து நாலத் தொட்டுறாதீங்க சாமி, அது சரியான விடைங்க!" என்று எழுந்து நின்று கத்தினார். சாஜிதா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்ற பிரியாணிக்குக்கூட இத்தன கூட்டம் நிக்கலையேடி!" என்று வாயைப் பிளந்தாள். ஆல்வினின் மனைவி பஸ்ஸை ஞாபகப்படுத்தினாள். "சித்த பொறு, பதினேழாம் வாய்ப்பாடு வந்திருக்குது" என்றான் அவன்.

சாப்பாட்டுக்கு அப்புறம் மண்டபம் நிறைந்திருந்தது. நாலு வருஷத்தில் முதல் தடவை. சாய்ப்ரியாவுக்குச் சந்தோஷத்தில் யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. யஷ்வந்தைத் தேடினாள். அவன் முகம் வெளுத்துப்போய் டேப்லெட்டை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

"போதுமுங்க கண்ணுகளா, நிறுத்திக்கலாம். பேட்டரி தீந்துருமுங்க."

"பேட்டரி எச்சா இருக்குதுங்க மாமா, முக்காவாசி காட்டுது" என்றாள் ஹரிதா.

"இல்லீங்க, கடைசியில ஒண்ணும் இல்லீங்க, சும்மா..." அவன் வயரைப் பிடுங்கக் கை நீட்டினான். சாய்ப்ரியா வாளியை வைத்துவிட்டு ஓடிப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உடுங்க! குழந்தைங்க எத்தன சந்தோசமா இருக்குதுங்க! எதுக்குக் கூச்சம்?"

"அதில்ல அம்மணி, அந்தக் கடைசிய நான்..."

"சும்மா இருங்க. இருக்கட்டும், எல்லாருங் கேக்கட்டும்."

ஹரிதா தப்பான விடையை அழுத்தினாள். ஒலிபெருக்கியில் சிறிது நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு பெருமூச்சு. அப்புறம் அவன் குரல். இதுவரைக்கும் இருந்த தேன் இந்தக் குரலில் இல்லை.

"கண்ணு, இத்தன தப்புப் போட்டும் எந்திரிச்சுப் போகாம உக்காந்திருக்கறீங்களே, உங்களுக்குப் பெரிய மனசுங்க. அதனால உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். இது நல்லா இருக்குதுங்களா? நெசமாச் சொல்லிப்போடுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். எங்க ஊட்டுக்காரம்மா நல்லாருக்குன்னுதான் சொல்லுது. ஊர்ல இருக்கற ஆப்பையெல்லாம் கிழிச்சுத் தோரணம் கட்டற பொம்பள, என்றதப் பாத்து மட்டும் நல்லாருக்குங்குது. அதயும் போனப் பாத்துக்கிட்டே சொல்லுதுங்க. என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லல. அதான் உங்களக் கேக்கறேன்."

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. சாஜிதா சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தாள். பிறகு எல்லாரும் சாய்ப்ரியாவைப் பார்த்தார்கள், சிரிப்பு தேய்ந்து நின்றது. யஷ்வந்த் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கையை அவள் இன்னும் விடவில்லை. திரையில் இரண்டு பொத்தான் வந்து நின்றன. 'நல்லா இருக்கு.' 'நல்லா இல்லை.'

ஹரிதா விரலை நீட்டியபடி திரும்பிப் பார்த்தாள். "எதை அமுத்தறதுங்க அத்தை?"

சாய்ப்ரியாவுக்கு முகம் எரிந்தது. வெட்கம், கோபம், அதற்கும் மேலே அவன்மேல் பொங்கிவந்த பிரியம். எந்தப் பாழும் மதியத்தில் தனியாக உட்கார்ந்து இதைப் பேசிப் பதிவு செய்தானோ! அவள் மைக்கை எடுத்தாள்.

"நல்லா இல்லீங்க" என்றாள்.

இந்த ஊரில் ஒருவர் முகத்துக்கு நேராக, அதுவும் மைக்கில், அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"சரியாப் போட்டா ஒண்ணுமே இல்லீங்க. டிங்குன்னு ஒரு மணி, அத்தோட சரி. எனக்குக் கொட்டாவி வந்துருச்சுங்க. சொன்னா நீங்க நொந்துபோவீங்கன்னு ஒன்றரை வருசமா வாய மூடிக்கிட்டிருந்தேன். தப்பாப் போட்டா இப்படி ஒரு கூத்து இருக்குதுன்னு எனக்கு இன்னிக்குத்தானுங்க தெரியும். எனக்குத் தப்பாப் போட வராதுங்களே!" அவள் குரல் உடைந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. "பாதி நல்லா இல்லீங்க. இன்னொரு பாதி இருக்குது பாருங்க, அந்த மாதிரி ஒண்ண நான் பார்த்ததே இல்லீங்க."

யஷ்வந்த் நிமிர்ந்தான். அடி விழும் என்று காத்திருந்தவன் முகமாக இல்லை அது. யாரோ தோளிலிருந்து சிமெண்ட் மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"அப்பாடா!" என்றான். மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னான்.

"அப்ப எதைத்தானுங்க அமுத்தறது?" என்று ஹரிதா பொறுமை இழந்து கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் இரண்டு விரலால் இரண்டையும் சேர்த்தே அழுத்திவிட்டாள். திரை ஒரு நிமிஷம் யோசித்தது. இதற்கு மேல் யாரும் வரப்போவதில்லை என்று யஷ்வந்த் அங்கே எதுவும் எழுதி வைக்கவில்லை. ஆப் என்ன செய்யும், பேசாமல் முதல் கேள்விக்குத் திரும்பிப் போனது. குழந்தைகள் "மறுக்காவும் மொதல்ல இருந்து!" என்று எகிறிக் குதித்தன.

அதற்கப்புறம் நடந்ததுதான் அதிசயம். லட்சுமணசாமி மெல்ல மேடைக்கு வந்து மைக்கைக் கேட்டு வாங்கினார். இனி ஒரு மணி நேரம் போயிற்று என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"எனக்கும் யாராச்சும் ஒண்ணு நேராச் சொல்லுங்க" என்றார். "என்ற பதிவு எப்படிங்க இருக்குது?"

வழக்கமான அற்புதமுங்க எங்கிருந்தும் வரவில்லை. பல்லடத்துக்காரர் கையைத் தூக்கினார். "நீளமுங்க."

"எத்தன நீளமுங்க?"

"பொள்ளாச்சி வரைக்கும் போகுதுங்க. ஆனா நடுவுல அந்தப் பஞ்சாலைச் சங்குச் சத்தத்தப் பத்தி எழுதறீங்களே, அது மட்டும் தனியா வந்தா நான் தெனமும் படிப்பேனுங்க."

லட்சுமணசாமி முகமெல்லாம் மலர்ந்து, "இத்தன வருசத்துல என்றத நெசமாவே படிச்ச ஆளு நீங்க ஒருத்தருதானுங்க" என்று அவரைக் கட்டிக்கொண்டார். ராமாமணி, "நானும் இதத்தானுங்க சொல்றேன், நீளம்னு" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தாள்.

பிறகு நிறுத்த முடியவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, "எனக்குச் சொல்லுங்க, எனக்குச் சொல்லுங்க" என்று வரிசையில் நின்றார்கள். ஆல்வினிடம் மலைப் படம் போட்டது போதும், மலையில் இருக்கிற மனுஷங்களையும் போடு என்றார்கள். சாஜிதாவிடம் சமையல் குறிப்பில் உப்பு அளவைச் சொல்லாமல் விடுகிறாய் என்றார்கள். அவள் இடுப்பில் கை வைத்துச் சண்டைக்கு நின்றாள், அப்புறம் ஒத்துக்கொண்டாள். மைக் செட்காரர்கூடத் தூக்கம் கலைந்து, தனக்கும் ஏதாவது சொல்லச் சொன்னார். சத்தம் ஜாஸ்தி என்றார்கள். வெளியே வால்பாறை பஸ் எப்போதோ போயிருக்கும். ஆல்வின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

டீ வந்த நேரத்தில் யஷ்வந்த் சாய்ப்ரியாவின் பக்கத்தில் வந்து நின்றான். இரண்டு டம்ளர் வைத்திருந்தான், ஒன்றை அவளிடம் நீட்டினான்.

"திங்கக்கெழம கம்பெனிக்கு என்னத்தச் சொல்லட்டும் அம்மணி?"

அவள் கையிலிருந்த போன் அந்த நேரம் பார்த்து அடித்தது. சாய்ப்ரியா அது யாரென்று பார்க்கவில்லை. போனைப் பச்சடி வாளிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வரலைன்னு சொல்லிப்போடுங்க" என்றாள். "அந்த டிங்க மட்டும் மாத்துங்க. சகிக்கலீங்க."

யஷ்வந்துக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. "இன்னொருக்கா சொல்லு" என்றான்.

"சகிக்கலீங்க!" என்று அவள் தெருக் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.